நடுவயதில் தேகப்பியாசம்: தராசு காட்டாத மாற்றம்

"மூன்று மாதமாக விடாமல் நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை. இனி நடந்து என்ன பயன்?" வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் வரிசையில் நிற்கும்போது இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். பேசுபவர் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர். பகல் முழுவதும் கணினிக்கு முன்னால் உத்தியோகம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் ரயிலிலோ காரிலோ இருக்கை. மாலையில் பிள்ளைகளை வகுப்புகளுக்கு ஏற்றி இறக்கும் வேலை. வைத்தியர் சொன்னதற்காக நடக்கத் தொடங்கியவர், குளியலறைத் தராசு அசையாததைக் கண்டு சலித்துக் கைவிடுகிறார். அவர் கைவிட்ட அந்த வேளையில் அவருடைய ஈரலிலும் குடலைச் சுற்றியும் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத் தராசு அவருக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

நிறை என்பது ஒரே ஓர் எண். அந்த எண்ணுக்குள் எலும்பும் தசையும் நீரும் கொழுப்பும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எழுபது கிலோ நிறையுள்ள இருவரில் ஒருவருக்குக் கொழுப்பு பதினைந்து கிலோவாகவும் மற்றவருக்கு இருபத்தைந்து கிலோவாகவும் இருக்கலாம். தராசுக்கு இருவரும் ஒன்றுதான். கொழுப்பிலும் இரண்டு வகை உண்டு. தோலுக்கு அடியில், கிள்ளினால் விரலுக்குள் அகப்படும் கொழுப்பு ஒன்று. வயிற்றுத் தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் ஈரலையும் சூழ்ந்து கிடக்கும் உட்கொழுப்பு மற்றொன்று. தொல்லை தருவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். அதிலிருந்து வடியும் கொழுப்பமிலங்கள், குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் வழியே நேராக ஈரலை அடைகின்றன. ஈரலில் கொழுப்புப் படிகிறது. இன்சுலினின் சொல்லை ஈரல் கேட்பது குறைகிறது. இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன. நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் வழி இங்கேதான் திறக்கிறது.

இதில் நம்மவர்க்கு ஒரு தனிக் கதை உண்டு. 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ ஏட்டில் இரண்டு வைத்தியர்கள் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளியாயிற்று. ஒருவர் புனே நகரத்து டொக்டர் யாஜ்னிக், மற்றவர் லண்டன் டொக்டர் யுட்கின். உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3, அதாவது இருவருமே ஒல்லியானவர்கள் என்றே சொல்லலாம். ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு! கைகால் மெலிந்தும் வயிறு உருண்டும் இருக்கும் தேகவாகு நமக்குப் புதிதல்ல. வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் பெரியப்பா, மாமா என்று வரிசையாக நிற்பார்கள். ஊரில் அது வசதியின் அடையாளமாகக்கூட எண்ணப்பட்டது. தொந்தி பிள்ளையாருக்கு அழகு. நமக்கு அது ஈரலில் படியும் கடன்.

அதே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்கள் பி.எம்.ஐ. 23ஐத் தாண்டும்போதே கவனிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. பொதுவாக அந்த எல்லை 25. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2005இல் தென்னாசியரின் இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90 சென்றிமீற்றர், பெண்களுக்கு 80 சென்றிமீற்றர் என்று எல்லை வகுத்தது. ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94.

இனி நம் நகரத்திலேயே நடந்த பரிசோதனைக்கு வருவோம். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் நேதன் ஜோன்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தேகப்பியாசம் என்பதையே அறியாத, பருத்த உடலுள்ள 19 ஆண்களும் பெண்களும் அதில் கலந்துகொண்டனர். ஒரு பகுதியினர் கிழமைக்கு மூன்று நாள் நிலைச் சைக்கிள் மிதித்தார்கள். மற்றவர்கள் கைகாலை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சி மட்டும் செய்தார்கள். காலம் நான்கே நான்கு கிழமை. காந்த அதிர்வுப் படப்பிடிப்பினால் ஈரலையும் வயிற்றறையையும் முன்னும் பின்னும் அளந்தார்கள். சைக்கிள் மிதித்தவர்களின் ஈரற்கொழுப்பு 21 சதவீதம் குறைந்திருந்தது; உட்கொழுப்பு 12 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுடைய நிறையோ மாறவே இல்லை.

அன்னதான மண்டபத்தில் சலித்துக்கொள்ளும் நண்பருக்கு இந்த ஆராய்ச்சியைத்தான் காட்ட வேண்டும். தராசை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் சைக்கிள்காரர்களும் ஐந்தாம் கிழமையில் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து ஷெல்லி கீட்டிங் முதலானோர் 2015இல் அடுத்த கேள்வியை எடுத்தார்கள்: எவ்வளவு செய்தால் போதும்? 48 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம், கிழமைக்கு நான்கு நாள். ஒரு பிரிவு வேகமாக முக்கால் மணி, மூன்று நாள். இன்னொரு பிரிவு மிதமாக முக்கால் மணி, மூன்று நாள். நான்காவது பிரிவுக்கு நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். எட்டுக் கிழமை முடிவில் முதல் மூன்று பிரிவினருக்கும் ஈரற்கொழுப்பும் உட்கொழுப்பும் குறைந்தன. மூன்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. மிகக் குறைந்த பயிற்சி செய்தவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பதே இதில் எனக்குப் பிடித்த செய்தி. இங்கும் நிறை பெரிதாக மாறவில்லை.

தராசு ஏன் இப்படி அடம்பிடிக்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. எழுபது கிலோ மனிதர் அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. கிழமைக்கு ஐந்து நாள் நடந்தால் 750. அப்படியானால் ஒரு கிலோ கரையப் பத்துக் கிழமை வேண்டும். அதுவும் நடந்து வந்த பசியில் ஒரு வடைகூடக் கூடுதலாகச் சாப்பிடாமல் இருந்தால். "இன்றைக்கு நடந்தேன்தானே" என்று சர்க்கரைப் பொங்கலில் இரண்டாவது கரண்டி வைத்துக்கொண்டால் அன்றைய கணக்கு அங்கேயே நேராகிவிடும். ஆகவே நிறை இறங்குவதற்கு முதல் வழி சாப்பாட்டுத் தட்டில்தான் இருக்கிறது. தேகப்பியாசத்தின் வேலை வேறு: உட்கொழுப்பைக் கரைப்பது, தசையைக் காப்பது.

வேகமா, நிதானமா?

'நேரமில்லை' என்பவர்களுக்காக நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பௌச்சரின் குழுவினர் ஒரு முறையைச் சோதித்தார்கள். எட்டு வினாடி முழு மூச்சாகச் சைக்கிள் மிதிப்பது, பன்னிரண்டு வினாடி மெதுவாக மிதிப்பது. இப்படியே இருபது நிமிடம், கிழமைக்கு மூன்று முறை. 2012இல் வெளியான அவர்களது ஆராய்ச்சியில் பருத்த இளைஞர்கள் பன்னிரண்டு கிழமையில் சுமார் இரண்டு கிலோ கொழுப்பை இழந்தார்கள். உட்கொழுப்பு 17 சதவீதம் குறைந்தது. தசை சற்றே கூடியது. அருமையான முடிவுதான். ஆனால் அவர்கள் இளைஞர்கள் என்பதை மறக்கக்கூடாது. சிட்னியின் மறுபக்கத்தில் கீட்டிங் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பன்னிரண்டு கிழமை நிதானமாகத் தொடர்ந்து பயிற்சி செய்தவர்களுக்கே நடுவுடற் கொழுப்பு குறைந்தது. விட்டுவிட்டு வேகமாகச் செய்தவர்களுக்குக் குறையவில்லை.

ஒரே நகரத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டு முடிவுகள். இருபது வருடமாக ஓடாத ஒருவர் எட்டு வினாடிப் பாய்ச்சலில் தொடங்குவது புத்தியல்ல என்பது என் அபிப்பிராயம். நடையில் தொடங்கி, மூன்று நான்கு மாதம் பழகிய பிறகு, ஏற்றமான தெருவில் இடையிடையே வேகத்தைக் கூட்டலாம். வென்ட்வேர்த்வில், டூங்காபி பக்கத்துத் தெருக்களில் ஏற்ற இறக்கத்துக்கு என்ன பஞ்சம்?

பாரம் தூக்குவது யாருக்கு?

நம்மவர் அதிகம் ஒதுக்கிவைக்கும் பயிற்சி இதுதான். "எனக்கென்ன பயில்வான் ஆகவா ஆசை?" என்று சிரித்துத் தட்டிக்கழிப்போம். பெண்கள் இன்னும் அதிகமாக ஒதுக்குகிறார்கள். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலினின் உதவியோடு உள்வாங்கிக்கொள்வது தசைதான். நாற்பதைத் தாண்டியதும், பயன்படுத்தாத தசை மெல்ல மெல்லக் கரைகிறது. அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. தராசில் எண் அப்படியே இருக்கும். "கல்யாணத்தின்போது இருந்த நிறைதான் இன்றும்" என்று பெருமைப்படுபவரின் பழைய காற்சட்டை இடுப்பில் ஏறாமல் இருப்பதற்குக் காரணம் இது.

எந்தப் பயிற்சி எதைச் செய்கிறது என்பதை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆராய்ச்சி அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியாயிற்று. அசையாமல் இருந்து பழகிய, நிறை மிகுந்த 119 பேர் எட்டு மாதம் பயிற்சி செய்தார்கள். முதல் பிரிவு கிழமைக்குச் சுமார் 19 கிலோமீற்றர் தூரத்துக்குச் சமமான வேக நடை அல்லது ஓட்டம். இரண்டாவது பிரிவு கிழமைக்கு மூன்று நாள் பாரப் பயிற்சி. மூன்றாவது பிரிவு இரண்டும். நடந்தவர்கள் சராசரியாக ஒன்றே முக்கால் கிலோ நிறை இழந்தார்கள்; ஏறத்தாழ முழுவதும் கொழுப்பு; தசை கூடவில்லை. பாரம் தூக்கியவர்களின் நிறை முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் கூடியது! கொழுப்பு அநேகமாக அப்படியே இருக்க, தசைப்பகுதி ஒரு கிலோ ஏறியிருந்தது. இரண்டையும் செய்தவர்களுக்குக் கொழுப்பு இரண்டரைக் கிலோ அளவில் இறங்கி, தசைப்பகுதி முக்கால் கிலோவுக்கு மேல் ஏறியது. அவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு நேரம் செலவானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கப் பாரத்தை மட்டும் நம்பக்கூடாது என்பது இதிலிருந்து தெளிவு. அப்படியானால் பாரம் எதற்கு? அதற்குப் பதில் மெல்பேர்னில் கிடைத்தது. அப்போது அங்கிருந்த சர்வதேச நீரிழிவு நிலையத்தில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் 60 முதல் 80 வயது வரையான, நீரிழிவுள்ள 36 பேரை இரண்டாகப் பிரித்து, இரு பிரிவினருக்கும் உணவைக் கட்டுப்படுத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடவே பாரப் பயிற்சி கொடுத்தார்கள். 2002இல் வெளியான முடிவு இது: ஆறு மாதத்தில் இரு பிரிவினரும் ஒரே அளவு நிறை இழந்தார்கள். ஆனால் உணவை மட்டும் குறைத்தவர்கள் தசையையும் சேர்த்து இழந்தார்கள். பாரம் தூக்கியவர்களுக்குத் தசை கூடியது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, முதற் பிரிவில் 0.4 குறைந்தது, பாரம் தூக்கியவர்களுக்கு 1.2 குறைந்தது. ஒரு குளிசையின் பலனுக்கு ஒப்பானது இது.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. ஆறு மாதத்துக்குப் பின் அவர்களை வீட்டிலேயே பயிற்சியைத் தொடரச் சொன்னார்கள். தசையும் பலமும் நிலைத்தன. சர்க்கரையில் கிடைத்த நன்மை நிலைக்கவில்லை என்று 2005இல் அறிவித்தார்கள். தனியே வீட்டில் செய்யும்போது பாரத்தைக் கூட்டிக்கொண்டே போக மனம் வருவதில்லை. பக்கத்தில் நாலு பேர் இருந்தால் வரும். நம் சங்க மண்டபம் கிழமை நாட்களில் பல மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது என்பதை நிர்வாக சபையினர் கவனத்துக்கு இங்கே பணிவுடன் கொண்டுவருகிறேன்.

வயதாகிவிட்டது என்று பின்வாங்கும் மாமிமாருக்கு ஒரு செய்தி. 1990இல் பொஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டுக் கிழமை காலுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதை நடத்திய டொக்டர் மரியா பியடரோனி சிங் பிற்காலத்தில் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

சென்னையில் என்ன கண்டார்கள்?

மேலே சொன்ன ஆராய்ச்சிகளில் கலந்துகொண்டவர்கள் நம்மவர் அல்லரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். சராசரி வயது 46. நம்மைப் போன்ற நடுத்தர வகுப்பு உத்தியோகக் குடும்பத்தினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது ஆலோசனை மட்டும். மற்றொரு பிரிவினருக்குத் தினமும் அரை மணி நேரமாவது சுறுசுறுப்பாக நடக்கவும், மாவுப் பண்டத்தையும் சீனியையும் எண்ணெயையும் குறைக்கவும் தொடர்ந்து வழிகாட்டினார்கள். மூன்று வருடத்தில் முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு. இன்னும் இரு பிரிவினருக்கு மெற்போமின் மருந்து கொடுத்தார்கள். நடையைவிட மருந்து அதிகமாக எதையும் சாதிக்கவில்லை.

இங்கும் அதே விந்தை. நடந்தவர்களின் நிறை குறையவில்லை. தராசைப் பார்த்து நிறுத்தியிருந்தால் அந்தப் பதினாறு பேரும் நோயாளிகளாகியிருப்பார்கள்.

ஒரு கசப்பான செய்தியும் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலிய அரசாங்கத்தின் அறிவுரை, கிழமைக்கு இரண்டரை மணி முதல் ஐந்து மணி வரை மிதமான உடலுழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பதாகும். கிளாஸ்கோவில் தென்னாசியரையும் வெள்ளையரையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆராய்ச்சியின்படி, வெள்ளையருக்கு 150 நிமிடம் தரும் பாதுகாப்பை நாம் பெறுவதற்குக் கிழமைக்குச் சுமார் 266 நிமிடம் வேண்டியிருக்கலாம். இரண்டரை மணி நமக்குத் தொடக்கம். நான்கு மணிக்கு மேல் குறி வைப்பது நல்லது. தினம் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வந்துவிடும். கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குச் சைக்கிளில் போய்வந்த நம் தகப்பன்மார் இதைத் தேகப்பியாசம் என்று சொன்னதே இல்லை.

நடைக்கு பரமட்டாப் பூங்காவும் மெல்பேர்ன் அன்பர்களுக்கு ஜெல்ஸ் பூங்காவும் இருக்கின்றன. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். மூன்று சுற்றுப் பிரதட்சிணத்தை நடைக் கணக்கில் சேர்க்க முடியாது, மன்னிக்கவும். ஆனால் தோப்புக்கரணத்தைச் சேர்க்கலாம்! பிள்ளையார் சந்நிதியில் மூன்றே மூன்று போட்டு, அதிலும் அரைவாசி குனிந்து எழும்புவதை, வீட்டில் முழங்கால் நன்றாக மடியும்படி பத்துப் பத்தாக மூன்று தடவை செய்தால் தொடைக்கும் இடுப்புக்கும் அதைவிடச் சிறந்த பயிற்சி அரிது. முழங்கால் நோவுள்ளவர்கள் கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி எழும்பி இருக்கலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது நெஞ்சுக்கும் தோளுக்கும். மூன்று லீற்றர் பால் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் மூன்று கிலோ பாரம். கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்கலாம். எட்டுப் பத்துத் தடவைக்குள் களைப்பு வர வேண்டும்; பதினைந்து தடவை சுலபமாக வந்துவிட்டால் பாரம் போதாது. ஒரு நாள் செய்து ஒரு நாள் விடவும்.

உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மெல்பேர்னில் டன்ஸ்டன் குழுவினரே 2012இல் காட்டியது: இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை, தொடர்ந்து உட்கார்ந்திருப்பதைவிட நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. மெதுவாக நடந்தாலே போதும்.

தராசுக்குப் பதில் தையல் நாடாவை எடுங்கள். எழுந்து நின்று, மூச்சை இயல்பாக விட்டு, தொப்புள் மட்டத்தில் அளக்கவும். வயிற்றை எக்க வேண்டாம். மாதம் ஒரு தடவை போதும். கொழுப்பு சதவீதம் காட்டும் மின்தராசுகள் கடைகளில் கிடைக்கின்றன; காலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்திக் கணிக்கும் அவை, அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதற்கேற்ப மாறிமாறிக் காட்டும். நாடாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. 'ஒஸ்டிரிஸ்க்' என்ற அரசாங்க வினாத்தாளை உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டு நிரப்புங்கள். ஆசியருக்கென்று அதில் தனி இடுப்பளவு உண்டு. பன்னிரண்டு புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். நீரிழிவு போன்ற நாட்பட்ட நோயுள்ளவர்கள் குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு உடற்பயிற்சி நிபுணரை மெடிகெயர் உதவியில் பார்க்கவும் வழியுண்டு.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில குளிசைகளோ எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கந்தசஷ்டி விரத நாட்களில் வெறும் வயிற்றில் நீண்ட நடை வேண்டாம். நீரிழிவினால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் வைத்தியரைக் கேட்காமல் பெரும் பாரம் தூக்கக்கூடாது. தூக்கும்போது யாரும் மூச்சை அடக்கவும் கூடாது. தூக்கும்போது விடவும், இறக்கும்போது இழுக்கவும். ஏற்றத்தில் நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் நோவோ வந்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதை வாய்வு என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடாமல் அந்தக் கிழமையே வைத்தியரிடம் போங்கள். நின்ற பிறகும் விடவில்லை என்றால் உடனே 000.